பதினொன்று புள்ளி இரண்டு

பி.எஸ்.ஏ. பதினொன்று புள்ளி இரண்டு என்று முடிவு வந்த வியாழக்கிழமை, திரவியம் வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார். போன தடவை பத்தொன்பது புள்ளி நாலு. புற்றுநோய் எவ்வளவு தலைதூக்கியிருக்கிறது என்று இரத்தத்தில் காட்டும் எண் மூன்றே வாரத்தில் இப்படி இறங்கினால் யாருக்குத்தான் பாயசம் தோன்றாது. கரமனை வீட்டில் பொன்னம்மை அடுப்படியில் அடைப்பிரதமன் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில், கழக்கூட்டத்தில் ஓர் ஐ.டி. கம்பெனியின் ஆறாவது மாடியில், அவர்கள் மகள் ஆர்யா அதே முடிவைத் தன் போனில் திறந்து பார்த்தாள். அவளுக்குப் பாயசம் தோன்றவில்லை.

ஏனென்றால் அந்த எண் ஏறியிருக்க வேண்டும். ஏறினால்தான் அப்பாவுக்கு இடம். இப்படி ஒரு கோணல் வேண்டுதலை உலகத்தில் எந்த மகளும் வைத்திருக்க மாட்டாள்; ஆர்யா மூன்று வாரமாகப் பழவங்காடிப் பிள்ளையாரிடம் அதைத்தான் வைத்திருந்தாள். அப்பாவுக்குக் கொஞ்சம் கூடட்டும் பிள்ளையாரே என்று கேட்டுத் தேங்காயும் உடைத்துவிட்டு, யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தாள்.

திரவியத்துக்கு எழுபத்தொரு வயது. பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் முப்பத்துநாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. முதலில் மூன்று மாதத்துக்கொரு ஊசி. ஊசிக்கு நோய் பழகிக்கொண்டது. பிறகு கீமோ, ஆறு தடவை. அதற்கும் பழகிக்கொண்டது. பிறகு தினமும் வெறும் வயிற்றில் நாலு மாத்திரை. அது நன்றாகக் கேட்டது, ஆனால் ஈரல் தாங்கவில்லை, கண்ணெல்லாம் மஞ்சளித்துவிட்டது. ஏப்ரலில் மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் எண் ஆறு, பன்னிரண்டு, பத்தொன்பது என்று ஏறியது.

ஏறத் தொடங்கியபோதே டாக்டர் ரெனி ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார். இன்னும் சந்தைக்கு வராதது. நாடு முழுக்கப் பன்னிரண்டு பேருக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். இந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு இடம், அதில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. டாக்டர் கோட்டயத்துக்காரர், பேசுவது மலையாளம்தான், ஆனால் திரவியத்துக்காக நிதானமாகப் பேசுவார்.

"செல்லுக்குள்ள ஜீன்ங்கிறது மூலப் பிரதி. அதை அப்படியே யாரும் எடுத்துப் பயன்படுத்தறதில்லை. அதிலிருந்து ஒரு நகல் எடுத்து, அந்த நகலைப் பார்த்துத்தான் செல் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யுது. உங்க நோயை வளர்க்கிற புரதத்துக்கும் அப்படி ஒரு நகல் உண்டு. இந்த மருந்து அந்த ஒரு நகலை மட்டும் தேடிப் பிடிச்சு வெட்டிரும். ஜீன் இருக்கும், ஆனா அது சொல்றது யாருக்கும் போய்ச் சேராது."

 வினாத்தாளின் மூலம் எங்கே, அச்சுப் பிரதி எங்கே என்று வாழ்நாளெல்லாம் காவல் காத்த திரவியத்துக்கு இது புரியாமல் போகுமா.

"மூலத்தில கை வைக்கல்ல இல்லியா டாக்டர்? அப்பொ அது நகல் எடுத்துக்கிட்டே இருக்குமே?"

"இருக்கும். அதனாலதான் மூணு வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏத்தறோம்."

"எல்லா செல்லுக்கும் போய்ச் சேருமா?"

"அதுதான் எங்களுக்கும் தெரியல. மருந்தைக் கொழுப்பு உருண்டைக்குள்ள வச்சு அனுப்பறோம். அது முதல்ல போய் இறங்கறது ஈரல்ல. அதைத் தாண்டி எவ்வளவு போகுதுன்னு பார்க்கத்தான் இந்தப் பன்னிரண்டு பேர்."

வெளியே வந்ததும், "கெட்டிக்காரப் பொம்பள. தெரியாதத தெரியாதுண்ணு சொல்லுகா" என்று திரவியம் மெச்சினார்.

அன்றிலிருந்து ஆர்யாவுக்கு உட்கார நேரமில்லை. அலுவலகத்தில் அவள் பதவி டெஸ்ட் லீட், மென்பொருளைச் சோதிக்கும் குழுவுக்குத் தலைமை; ஆனால் இரண்டு மாதமாக அவள் செய்த உருப்படியான வேலை, அப்பாவின் காகிதங்களைத் துரத்தியதுதான். ஐந்து வருடத்துக்கு முந்தைய பயாப்சியின் சதைத்துணுக்கு பதிந்த மெழுகுக் கட்டை வேண்டுமென்றார்கள். எடுத்த லேப் இடம் மாறியிருந்தது. புது இடத்தில் பழையதெல்லாம் கிடங்கில் என்றார்கள். கிடங்கின் சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூன்று தடவை லீவு போட்டு, நாலாவது தடவை அழுதுதான் அந்தக் கட்டையை வாங்கினாள். அனுப்பிய மெயிலுக்குப் பதில் வராது. பதில் வந்தால் இணைப்பு திறக்காது. திறந்தால் இன்னொரு ஃபாரம் இருக்கும். நோய்க்காரனுக்கு நோயோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கவுண்டரில் நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் பதினெட்டுப் பக்கச் சம்மதப் படிவம் வந்தது, மலையாளத்தில். திரவியத்துக்கு அப்போதுதான் கண்புரை அறுவை நடந்து சொட்டு மருந்து ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கண்ணாடி வரவில்லை. ஆகவே ஆர்யா உரக்க வாசித்தாள், அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆறாம் பக்கத்தில் ஒரு பத்தி: நோய் முற்றிவருவது இரத்தப் பரிசோதனையில் உறுதியானவர்களை மட்டுமே சேர்க்க முடியும், மூன்று வார இடைவெளியில் எடுக்கும் இரண்டாவது எண் முதல் எண்ணைவிடக் கூடியிருக்க வேண்டும், பழைய மாத்திரை நிறுத்தி ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். அந்தப் பத்தியை ஆர்யா தாண்டிப்போய் ஏழாம் பக்கத்தை வாசித்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. கீமோ பலிக்கவில்லை என்று தெரிந்தபோது திரவியம் மூன்று நாள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். நாலாம் நாள் பொன்னம்மை மகளைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் கெட்ட எண் எதுவும் அவர் காதுக்குப் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். அதிலிருந்து ரிப்போர்ட்டெல்லாம் ஆர்யாவின் போனுக்குத்தான் வரும். நல்லதை அப்பாவுக்கு அனுப்புவாள். கெட்டது வந்தால், "அப்படியேதான் இருக்குப்பா, மாத்தமில்ல" என்பாள். ஆறும் பன்னிரண்டும் அவருக்குத் தெரியாது. பத்தொன்பதை மட்டும், சிஸ்டர் அவர் முன்னாலேயே வாசித்துவிட்டதால் மறைக்க வழியில்லாமல், மாத்திரை நிறுத்தியதால் வந்த தற்காலிக ஏற்றம் என்று சொல்லி வைத்திருந்தாள். இரண்டாவது இரத்தப் பரிசோதனை எதற்கு என்று அவர் கேட்டபோது, அவர் பாஷையிலேயே சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அதில பாஸானாத்தான்ப்பா சேத்துக்குவாங்க" என்றாள்.

பாஸ் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அவருக்கா தெரியாது.

இப்போது பதினொன்று புள்ளி இரண்டு. அதற்குக் கீழே ஈரலின் எண் நூற்று அறுபத்தெட்டு, சிவப்பு எழுத்தில். நாற்பதைத் தாண்டக்கூடாதது. ஆர்யா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தானாக இறங்கும் நோய் இல்லை இது. தானாகக் கெடும் ஈரலும் இல்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான் உண்டு. அவள் மானேஜரிடம்கூடச் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நெடுஞ்சாலையில் மேம்பால வேலைக்காக ஒரு பக்கத்தை அடைத்துப் போட்டிருந்தார்கள். உள்ளூர் என்கிற ஜங்ஷன் வரை ஊர்ந்து வந்த ஒன்றே கால் மணி நேரமும், முன்னால் நின்ற டாங்கர் லாரியைத் திட்டித் தீர்த்தாள்.

வீட்டில் ஏலக்காய் மணத்தது.

"வா மக்ளே, நேரத்தே வந்தது நல்லதாப் போச்சு" என்றார் திரவியம். சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பதினொண்ணு, பாத்தேல்லா? லேப்புக்காரன் எனக்கும் ஒரு மெசேஜ் போட்டுட்டான்."

"அப்பா, டெஸ்டுக்கு முன்னால மருந்து ஏதாவது எடுத்தீங்களா?"

திரவியம் பொன்னம்மையைப் பார்த்தார். பொன்னம்மை கரண்டியைப் பார்த்தாள்.

"புதுசா ஒண்ணும் இல்ல. அந்தப் பழைய மாத்திரைதான். அலமாரில நாப்பது கெடந்துது. நாலு வச்சு பத்து நாளு." சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. "ஒரு சின்ன மாடரேஷன் கேட்டியா. அவ்வளவுதான்."

தேர்வுப் பிரிவில் மாடரேஷன் என்றால், பிள்ளைகள் கூட்டமாகத் தோற்றுப்போன தாளுக்கு எல்லோருக்கும் அஞ்சோ ஏழோ மார்க் கூட்டிப் போடுவது. ஒரு தலைமுறையையே அப்படிக் கரையேற்றிய பெருமை திரவியத்துக்கு உண்டு. தன்னையும் அப்படியே ஏற்றிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் பொன்னம்மை. "டாக்டர் தந்த மாத்திரைதானே, களவாண்டதா? சுகர் டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னே அரிசிய நிறுத்துகது இல்லியா, அது மாதிரியாக்கும்."

அந்த வீட்டில் அது இருபது வருடத்துப் பழக்கம். மூன்று மாதத்துக்கொரு தடவை சர்க்கரைக்கு இரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்தைய வாரம் டெஸ்ட் வாரம். சோறு கிடையாது, வாழைப்பழம் கிடையாது. பாகற்காயும் கோதுமைக் கஞ்சியும் சாயங்கால நடையும். இரத்தம் கொடுத்துவிட்டு வரும் வழியிலேயே பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி. எண் நன்றாக வரும், டாக்டர் மெச்சுவார், எல்லோருக்கும் சந்தோஷம். ஆர்யாவும் சின்ன வயதிலிருந்து அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவள்தான். அவளுடைய முதல் ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு முன்னால் அம்மா ஒரு வாரம் முருங்கைக்கீரையாகவே போட்டாள். எண்ணைத் திருத்தினால் உடம்பு திருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் யாரும் வேறு மாதிரி நடந்ததும் இல்லை.

"யார்கிட்ட கேட்டுச் செஞ்சீங்க ரெண்டு பேரும்?" ஆர்யாவின் குரல் உயர்ந்தது. "ஈரல் தாங்காதுன்னுதானே நிறுத்தினாங்க? நான் நாய் மாதிரி அலைஞ்சது எதுக்கு? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"பாஸாகணும்ணு நீதானே சொன்னே மக்ளே" என்றார் திரவியம். "கொறஞ்சுதுல்லா? பின்ன எதுக்கு மொகத்த இப்பிடி வச்சிருக்கே?"

ஆர்யாவுக்குச் சொல்ல வாய் வந்தது. ஏறணும்ப்பா, ஏறியிருக்கணும். அதைச் சொன்னால் ஏப்ரலிலிருந்து சொன்னதெல்லாம் பொய் என்றும் சொல்ல வேண்டும். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். ஆர்யா கிண்ணத்தை வாங்கிப் பாயசத்தை நின்றுகொண்டே குடித்தாள்.  பிறகு மாடிக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தாள். "நாளை பத்து மணிக்குக் கூட்டிட்டு வாங்க. அப்பாகிட்ட நானே பேசறேன்" என்று டாக்டர் சொன்னார். கொஞ்சம் பதமாகச் சொல்லுங்கள் என்று ஆர்யா கேட்டதற்கு, பத்து மணி என்று மட்டும் மறுபடி சொல்லிவிட்டு டாக்டர் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி என்பது பதினொன்றே முக்கால் ஆயிற்று. டாக்டர் முன்னால் திரவியம் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. எண் இறங்கியிருப்பது மாத்திரையால், நோய் குறைந்ததால் இல்லை. ஈரல் மறுபடி கெட்டிருக்கிறது. இந்த மருந்து முதலில் ஈரலில்தான் இறங்கும் என்பதால் இந்த நிலையில் கொடுக்கவே முடியாது. மாத்திரை உடம்பை விட்டுப் போக ஆறு வாரம் வேண்டும். ஆனால் ஆள் சேர்ப்பது திங்கட்கிழமையோடு முடிகிறது. கொல்லத்துக்காரர் ஒருவர் காத்திருக்கிறார்.

"அப்பொ நம்பர் ஏறணுமா?" என்று கேட்டார் திரவியம்.

"ஆமா. ரெண்டாவது நம்பர் கூடணும்."

"எனக்கு ஏறிக்கிட்டா இருந்துது?"

டாக்டர் ஆர்யாவைப் பார்த்தார். அப்போதுதான் டாக்டருக்கே புரிந்திருக்க வேண்டும். "ஏப்ரல்லேர்ந்து" என்றார். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். நான் நேரா கேட்டிருக்கணும். என் தப்பும்தான்."

"இந்த ஃபாரத்தில அது உண்டா?"

டாக்டர் கோப்பைத் திறந்து ஆறாம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். திரவியம் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலை வரியின் அடியில் ஓட்டி ஓட்டி, உதடு அசைய வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். ஆர்யா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ இத வாசிக்கல்லியே மக்ளே. விட்டுப்போச்சா?"

அவரே ஒரு வழி திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு சொல் போதும். ஆர்யாவுக்கு அந்தச் சொல் வரவில்லை.

"இல்லப்பா. வேணும்னுதான் விட்டேன்."

 சொன்ன வேகத்திலேயே ஆர்யா டாக்டரின் பக்கம் திரும்பினாள். இன்னொரு தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கலாமே. லேப்பில் கோளாறு என்று எழுதலாமே. ஆறு வாரம் என்பதை நாலாக்க யாரிடமாவது கேட்கலாமே. பெங்களூரில் இன்னோர் இடம் இருக்குமே. வாய் ஓயாமல் கேட்டாள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் இல்லை, முடியாது என்று பொறுமையாகவே சொன்னார். அந்தப் பொறுமைதான் ஆர்யாவுக்கு எரிச்சலை மூட்டியது. இரண்டு மாதம் மயிரைக் கட்டி மலையை இழுத்த கதையாக இழுத்து, வீட்டு அலமாரியில் கிடந்த நாற்பது மாத்திரையில் எல்லாம் போயிற்று. யார்மேல் கோபப்படுவது என்று தேடினால் கை தன் பக்கமே திரும்பியது.

"அவங்கள தொந்தரவு பண்ணாதே" என்றார் திரவியம். பிறகு டாக்டரிடம், மலையாளத்தில், "அந்தக் கொல்லத்துக்காரர்கிட்ட எல்லாம் நேராச் சொல்லணும் டாக்டர். வீட்டுக்காரங்க சொன்னாங்களாண்ணு கேக்காண்டாம். அவர்கிட்டயே சொல்லிருங்க" என்றார்.

"சொல்றேன்" என்றார் டாக்டர்.

"இனி எனக்குச் சிலது கேக்கணும்." திரவியம் படிவத்தை மடக்கி மேஜைமேல் வைத்தார். மகளைப் பார்த்தபோது முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஆர்யா அதோடு சண்டை போட்டிருப்பாள். "நீ வெளிய இரி மக்ளே."

"அப்பா, நான் இருக்கேனே. உங்களுக்கு ஏதாவது..."

"வெளிய இரி."

அவள் வெளியே வந்து உட்கார்ந்தாள். கதவின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாக அப்பாவின் பின்தலையும் டாக்டரின் முகமும் தெரிந்தன. அப்பா ஏதோ கேட்டார். டாக்டர் பேசினார், விரலை நீட்டி இரண்டோ மூன்றோ காட்டினார். அது வாரமா, மாதமா, இனிச் செய்யக்கூடிய சிகிச்சைகளின் எண்ணிக்கையா, ஆர்யாவுக்குத் தெரியவில்லை. அப்பா தலையசைத்தார். திரும்பவும் கேட்டார். ஐந்து வருடத்தில் அவர் உடம்பைப் பற்றி அவளுக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை பேசப்படுவது இதுதான் முதல் தடவை. எழுந்து போய்க் கதவில் காதை வைக்கலாமா என்றுகூட நினைத்தாள். டோக்கன் கூப்பிடும் சிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அவர் வந்தார். நடை எப்போதும்போலத்தான் இருந்தது. ஆர்யா எழுந்து நின்றாள்.

"என்னப்பா சொன்னாங்க?"

"கேட்டதுக்கெல்லாம் சொன்னாங்க."

"அதான், என்னன்னு?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, சட்டைப்பையில் வைத்தார்.

"உங்கம்மைகிட்ட நானே சொல்லிக்கிடுகேன்" என்றார். "நீ ஒண்ணும் சொல்லாண்டாம்."

லிஃப்டில் கூட்டமாக இருந்தது. அவர் படி வழியாக இறங்கத் தொடங்கினார். ஆர்யா இரண்டு படி பின்னால் இறங்கினாள்.